ஹட்டன் டவுனை ஏன் யாருமே வரையிறதில்ல?

டிக்கோயா_மாமா

தலைப்ப பாத்துட்டு சண்டைக்கு வந்துறாதீங்க, நெசமாவே கேக்குறேன். தங்கச்சி மக ஏ/எல் (உயர்தர) பரீட்சைக்கு சித்திரம் எடுத்திருக்கா, நல்லா வரைவா, மாமாங்குறதுக்காக சொல்லல. ஸ்கூல்ல நம்ம பிரதேசத்த, அதான் இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டப் பக்கத்த, பத்தி ஒரு படம் போட சொன்னாங்களாம், இவ ஹட்டன் பஸ் ஸ்டாண்ட போட்டுருக்கா, ஞாயித்துக்கிழம கூட்டம், குடை, பாதையோர கடை, பொகவந்தலாவ பஸ்ஸுல புட்போர்ட்ல தொங்குற கண்டக்டர், எல்லாம். அதுக்கு ‘இது என்ன பிரதேசம், கொழுந்து எடுக்குற அம்மாவ போடு, பின்னால மலைய போடு’ன்னு சொல்லி திருப்பிக் குடுத்துட்டாங்களாம். புள்ள அழுகல, ஆனா ராத்திரி பூரா எங்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, மாமா நம்ம ஆளுங்க டவுனுக்கே போறதில்லையா?

எனக்கு பதில் தெரியல. யோசிச்சு பாத்தா கலண்டர், டீ பக்கட், பேங்க் சுவரு, கலியாண மண்டபத்து பின்சீலை, எங்க பாத்தாலும் கொழுந்து கூடையோட ஒரு அம்மா சிரிச்சிக்கிட்டே நிக்குறாங்க. சம்பளம் எடுத்துட்டு அதே அம்மா டவுன்ல அடகு கடை வாசல்ல நிக்குறத ஒரு படத்துலயும் நான் பாக்கல. பாரிசு, லண்டன் எல்லாத்தையும் வரைஞ்சு தள்ளியிருக்காங்களே, நம்ம டவுன் மட்டும் என்ன பாவம் செஞ்சுது? படம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அவளுக்கு காட்டணும்.

நானுஓயா_கேமரா

அண்ணே வரையாம இல்ல, நுவரெலியாவ ஆயிரம் பேரு வரைஞ்சிருக்காங்க. ஆனா எந்த நுவரெலியா? சிவப்பு செங்கல்லு தபால் கந்தோர், கிரெகரி வாவி, ரேஸ்கோர்ஸ், கிராண்ட் ஹோட்டல், அம்புட்டுதான். 1894ல கட்டுன தபால் கந்தோர அச்சு அசலா வரைஞ்சு பிரேம் போட்டு விக்கிறாங்க, ஒரு படத்துலயாவது வாசல்ல லெட்டர் போட வந்த ஆள் இருக்கானா பாருங்க, இருக்க மாட்டான். 2023ல அந்த கட்டடத்த ஹோட்டலுக்கு குடுக்கப் போறாங்கன்னு தபால்காரங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க ஞாபகம் இருக்கா, அப்ப ஊரே சேந்து ‘எங்க கட்டடம்’னு கத்துனப்பதான் எனக்கே தோணிச்சு, படத்துல இதுக்கு சொந்தக்காரன் ஒருத்தன கூட போட்டு வைக்கலியேன்னு.

நான் கலியாண போட்டோக்காரன், சீசன்ல டூரிஸ்ட்டுக்கும் எடுப்பேன். அவங்க கேக்குறது பனி, பனிக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் காலத்து வீடு. வயர் தெரிஞ்சா அழிக்க சொல்லுவாங்க, த்ரீவீல் தெரிஞ்சா அழிக்க சொல்லுவாங்க. இது இன்னைக்கு நேத்து பழக்கம் இல்ல, கொழும்புல 1890ல ஆரம்பிச்ச பிளாட்டே கம்பெனி மாதிரி ஆளுங்க அடிச்ச பழைய போஸ்ட் கார்ட் எல்லாம் பாருங்க. வீதி இருக்கும், ரொம்ப சுத்தமா இருக்கும். நம்ம ஆளு வேணும்னா தனி கார்ட், கையில கூடை. ரெண்டையும் ஒரே கார்ட்ல சேத்து பாக்குறதே அபூர்வம்.

பதுளைக்காரன்

வயர அழிச்சா நுவரெலியாவுல என்னா மிச்சம் இருக்கும் 😂

கொழுந்து_மடுவம்

தம்பிமாரே, ஒரு வயசாளி சொல்றத கேளுங்க. கொழுந்து எடுக்குற அம்மாவ கேலி பண்ணாதீங்க. எங்க அம்மா மலைக்கு போனவங்க. அட்டை கடிச்ச காலோட பிரட்டு களத்துல, வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துல, பேரு கூப்புட நின்னவங்க. அந்த உழைப்ப படத்துல போடுறதுக்கு என்ன வெக்கம்? டவுனு யாரோட டவுனு? கடை முதலாளி யாரு, கட்டடம் யார் பேருல இருக்கு? எங்க காலத்துல நாங்க டவுனுக்கு போனா ‘தோட்டத்தான் வந்துட்டான்’னு வெலைய ஏத்தி சொல்லுவானுங்க. அந்த எடத்த போயி ஏன் நம்ம எடம்னு வரையணும்? நம்ம எடம் மலைதான், தோட்டத்து லைன் வீடு, அந்த லயம்தான்.

டிக்கோயா_மாமா

ஐயா கேலி பண்ணல. நானும் லயத்துல பொறந்தவன்தான். ஆனா நீங்க சொன்ன அந்த வெல ஏத்துற கடை, அந்த ‘தோட்டத்தான்’ங்குற பார்வை, அதுவே ஒரு படம் இல்லையா? அத வரையாம விட்டா அப்படி ஒன்னு நடக்கவே இல்லங்குற மாதிரி ஆயிரும்ல.

கண்டி_லேக்_ரவுண்ட்

நல்ல இழை, கொஞ்சம் நீளமா எழுதுறேன் மன்னிக்கணும்.

ஐயா சொன்னதுல பாதி சரி. உழைப்ப வரையிறதுல ஒரு தப்பும் இல்ல. பிரச்சினை, அத யார் ஆரம்பிச்சு வச்சாங்கங்குறது. ஜூலியா மார்கரட் கேமரன்னு இங்கிலாந்துல பெரிய பேரெடுத்த போட்டோகிராபர், 1875ல இங்க வந்துட்டாங்க, புருஷனுக்கு கோப்பி தோட்டம் இருந்துச்சு. 1879ல டிக்கோயா பக்கந்தான் செத்தாங்க, கல்லறை பொகவந்தலாவ செயின்ட் மேரிஸ் சேர்ச்ல இருக்கு, மாமா உங்க வீட்டுலேர்ந்து பஸ்ஸுல போற தூரம். அவங்க இங்க எடுத்த படம் கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கு, அதுல தோட்டத்து ஆளுங்களும் இருக்காங்க. இங்கிலாந்துல எடுத்தப்போ டென்னிசன், டார்வின்னு ஒவ்வொருத்தருக்கும் பேரு. இங்க எடுத்தப்போ ‘ஒரு கூட்டம்’, ‘ஒரு பொண்ணு’. படம் அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த முகத்துக்கு சொந்தக்காரங்க யாரு, எந்த லயம், ஒன்னும் தெரியாது.

அப்புறம் நம்ம நாட்டு நவீன ஓவியம்னா 43 குழுவத்தான் சொல்லுவாங்க, 1943ல கொழும்புல சேந்தவங்க. அதுல ஜோர்ஜ் கீற் எங்க கண்டியிலயே 1901ல பொறந்தவரு. அவர் வரைஞ்சது நாயகன் நாயகி, கிருஷ்ணன், ஜாதகக் கதை. பெரிய கலைஞர்தான், ஆனா கண்டி மார்க்கட்ட அவர்கிட்ட தேடுனா கெடைக்காது. அந்த கால ஆளுங்களுக்கு ‘நம்ம நாடு’ன்னா கிராமம், கோயில், பழைய சுவரோவியம். டவுனு வெள்ளைக்காரன் கட்டுனது, அதுல நம்ம உசுரு இல்லன்னு ஒரு நெனப்பு. வெள்ளைக்காரன் கட்டுன டவுன்ல நம்ம சனம் நூறு வருசத்துக்கு மேல பொழங்கிருச்சு, இன்னும் அது அவன் டவுனாவே இருக்கு பாருங்க.

கண்டியும் அதே கதைதான். பெரஹரா ஊர்வலத்து யானை, தலதா மாளிகை, 1807 வாக்குல கடைசி ராசா வெட்டுன வாவி, வாவிய சுத்தி அலை அலையா சுவரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல நிக்குற சனத்த ஒருத்தரும் போட மாட்டாங்க, எனக்கு கண்டின்னா அதுதான்.

சித்திர_டீச்சர்

வணக்கம். நான் தலவாக்கலை பக்கம் படிப்பிக்கிறேன், நல்ல வேளை அந்த டீச்சர் நான் இல்ல 😅 அண்ணே உங்க மருமகப்புள்ளகிட்ட அந்தப் படத்த கிழிக்க வேணாம்னு சொல்லுங்க.

பிள்ளைங்க ஏன் டவுன போட பயப்படுறாங்கன்னு எனக்கு தெரிஞ்ச காரணம் ஒன்னு சொல்றேன், அரசியல் இல்ல, அளவுகோல்தான் காரணம். புத்தகத்துல தூரநோக்கு, அதாவது தூரம் போகப் போக சின்னதா தெரியிறத வரையிற முறை, சொல்லித் தர்றது எல்லாம் சமதரை ரோட்டுக்கு. ஒரு கண்மட்ட கோடு, அதுல ஒரு புள்ளி, எல்லா கோடும் அங்க போயி சேரும். இத வச்சு ஹட்டன் ரோட்ட போட்டா விடியும்! ரோடு மேல ஏறுனா ரோட்டோட கோடு மட்டும் கண்மட்டத்துக்கு மேல ஒரு புள்ளியில சேரும், எறங்குனா கண்மட்டத்துக்கு கீழ சேரும். ஆனா கடைங்களோட ஜன்னல், கூரை, பலகை எல்லாம் மட்டமாத்தான கட்டியிருக்கு, அதனால அது கண்மட்டத்துலயேதான் சேரணும். பிள்ளைங்க ரோடு சாயுதுன்னு கட்டடத்தையும் சேத்து சாச்சுருவாங்க, பாத்தா ஊரே மண்சரிவுல போற மாதிரி இருக்கும். அப்புறம் வெறுத்துப் போயி சரி கொழுந்து அம்மாவையே போட்டுருவோம்னு வந்துருவாங்க.

இத கவனிக்க லேசான வழி கடை வாசப்படிய பாக்குறது. ஏத்தத்துல இருக்குற ஒரே கடைக்கு ஒரு மூலையில ஒரு படி, மறு மூலையில மூணு நாலு படி இருக்கும். அந்த படிங்களத்தான் நான் முதல்ல வரைய சொல்லுவேன், சரிவு தானா வந்துரும். இன்னொன்னு, நம்ம டவுன் கட்டடம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி, பின்னால பள்ளத்துல மூணு மாடி. முன்னால கலர் பலகை, பின்னால தண்ணி பைப்பு, காயப்போட்ட துணி, சமையல் பொகை, துரு தகரம். ரயில்ல வந்தா தெரியுமே அந்த பக்கம். அந்த பின்பக்கத்த ஒரு பிள்ள போட்டு குடுத்தா நான் கண்ண மூடிட்டு மார்க் போடுவேன்.

மலை டவுன வரைஞ்ச ஆளுங்க உலகத்துல இல்லாம இல்ல. எகோன் ஷீலேன்னு ஒஸ்திரியாக்காரர், அவங்கம்மா பொறந்த ஊரு க்ரூமாவ், ஆத்துக்கு நடுவுல வளைஞ்சு கெடக்குற ஊரு. அவர் ரோட்டுல நின்னு வரையல, மேட்டுல ஏறி நின்னு கீழ பாத்து வரைஞ்சாரு, வானமே இல்லாம வீடு மேல வீடா ஒட்டிக்கிட்டு. ஹட்டன்லயும் மேல் ரோட்டுல நின்னு பாத்தா அப்படித்தான் தகரமா தெரியும். ஆனா ஊரு சனத்துக்கு அவர் இருந்த லெச்சணம் புடிக்காம 1911ல தொரத்தி விட்டுட்டாங்க, அது வேற கதை, பிள்ளைக்கு சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்.

அடுத்தது உத்ரில்லோ, பாரிஸ்ல மொன்மார்த் மேட்டுல பொறந்து வளந்தவரு. மேட்டு தெரு, படிக்கட்டு, காரை பேந்த வெள்ள சுவரு, இதான் அவரோட படம். சுவரு நெசமா இருக்கணும்னு பெயின்ட்ல சுண்ணாம்பு சாந்தெல்லாம் கலந்து அடிச்சிருக்காரு. கேமரா தம்பிக்கு ஒரு செய்தி, அந்த மனுசன் பல படத்த போஸ்ட் கார்ட் பாத்துத்தான் வரைஞ்சாரு. அதனால போஸ்ட் கார்டே பாவம்னு இல்ல. அத வச்சுக்கிட்டு என்ன பண்றோம்ங்குறதுதான்.

நானுஓயா_கேமரா

டீச்சர் சூப்பர். போஸ்ட் கார்ட் விஷயத்துல தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன் ஆனா யோசிக்கிறேன் 😄

டிக்கோயா_மாமா

டீச்சர் கோடி நன்றி, இத அப்படியே அவளுக்கு வாசிச்சு காட்டுனேன், உடனே எந்திரிச்சு போயி படிய அழிச்சு திரும்ப போட்டுக்கிட்டு இருக்கா. அவ கேட்ட ரெண்டு கேள்வி: மழைய எப்படி போடுறது? ஹட்டன்ல மழை இல்லாம ஒரு நாளா. ரெண்டாவது, கலர் பெட்டி வாங்குற வெலைக்கு அரிசி மூட்டை வாங்கிரலாம், கொஞ்சம் கலர வச்சு ஒப்பேத்த முடியுமா?

கண்டி_லேக்_ரவுண்ட்

கலர் கேள்விக்கு ஆள் இருக்காரு. எல்.எஸ். லவ்ரி, இங்கிலாந்துல மன்செஸ்டர் பக்கம். வாழ்நாள் பூரா அஞ்சே கலர்: கறுப்பு, சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சக்காவி, வெள்ளை. அவரோட வேல என்னா தெரியுமா, வீடு வீடா போயி வாடகை வசூல் பண்றது. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த வேலைய விடல, அத வெளிய சொல்லவும் மாட்டாரு. பகல்ல தெருத்தெருவா நடந்து பாத்தத ராத்திரி வரைவாரு. மில்லு, பொகை குழாய், மில்லு விட்டு வர்ற சனம், சின்னச் சின்னதா குச்சி குச்சியா. பின்னால வானம் பூரா வெள்ள. எனக்கு அந்த வெள்ளைய பாத்தா நம்ம மிஸ்ட்தான் ஞாபகம் வரும், அங்க பொகை, இங்க பனி, ரெண்டுமே தூரத்துல இருக்குறத முழுங்கிரும். அவர் படத்துல மில்லு இருக்கு, ஆனா மில்லுக்குள்ள வேல செய்யிற கைய அவர் பெருசா போடல. வேலைக்கு போறது, வர்றது, தெருவுல நின்னு சண்ட பாக்குறது, மேட்ச்சுக்கு போறது. தொழிலாளின்னா வேல செஞ்சிக்கிட்டே இருக்கணும்னு ஒரு சட்டம் இல்லன்னு அவர் படத்த பாத்துத்தான் எனக்கு வெளங்குச்சு. ஐயாவுக்கும் இதத்தான் சொல்ல வந்தேன்.

மழைக்கு ரெண்டு வழி. ஜப்பான்ல ஹிரோஷிகே 1857ல எடோவுல ஒரு பாலத்துல திடீர் மழைய போட்டாரு, எடோங்குறது இன்னைக்கு டோக்கியோ. மேலேர்ந்து கீழ வரைக்கும் மெல்லிசா கோடு கோடா மழை, பாலத்துல ஆளுங்க குனிஞ்சு ஓடுறாங்க. வான்கோ அத பாத்து காப்பியே பண்ணாரு. இன்னொரு வழி பாரிஸ்ல கைய்பொத், 1877. ரெண்டு மீட்டருக்கு மேல உசரமான படம், மழை நாள்னு பேரு, ஆனா ஒரு துளி கூட கண்ணுக்கு தெரியாது. குடை இருக்கு, கல்லு பதிச்ச ரோடு பளபளங்குது, அம்புட்டுதான், ஆனா நமக்கு நனைஞ்ச மாதிரியே இருக்கும். ஹட்டனுக்கு இது ரெண்டாவதுதான் சரின்னு என் கட்சி. எங்க ஊரு மழை கோடு கோடா விழும், உங்க ஊரு மழை எங்கேர்ந்து வருதுன்னே தெரியாதே.

பதுளைக்காரன்

பாரிஸ் குடையில எல்லாரும் கோட்டு சூட்டு போட்டு நிக்குறான், எங்க குடையில ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கும், அத மறக்காம போட சொல்லுங்க மாமா. அப்புறம் ஸ்வெட்டருக்கு மேல சாரி.

வெள்ளவத்தை_வாடகை_ரூம்

இழைய ரெண்டு நாளா வாசிச்சிக்கிட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு. எல்லாரும் ஹட்டன், நுவரெலியான்னு பேசுறீங்க. மலையக ஆளோட நகர வாழ்க்கைன்னா அது பாதி கொழும்புலதான இருக்கு? புறக்கோட்டை கடையில மேல் மாடியில துணி மூட்டைக்கு பக்கத்துல படுக்குற பொடியனுங்க, வீட்டு வேலைக்கு போயி கிச்சனுக்கு பின்னால ஒரு ரூம்ல இருக்குற அக்காமாரு, காமண்ட்ஸ்னு சொல்ற துணி தைக்கிற பெக்டரி, சலூன், பேக்கரி. என் தோட்டத்துல என் வயசு பயலுக முக்காவாசி பேரு இப்பிடித்தான். அவங்களுக்கு கொழும்பு எப்பிடி தெரியும்னு யோசிங்க. காலி முகத்திடல், தாமரை கோபுரம் எல்லாம் ஞாயித்துக்கிழம செல்பி. மத்த நாள் பூரா ஷட்டருக்கு உள்பக்கந்தான் நகரம்.

ஓவியம்னு கேட்டதால ஒன்னு சொல்றேன். சந்திரகுப்த தேனுவர, 1997ல ‘பீப்பாயிசம்’னு ஒன்னு ஆரம்பிச்சாரு. சண்டை காலத்துல கொழும்பு ரோட்டுல செக்பொயின்ட்ல தார் பீப்பாய்க்கு ஆமி பச்சை அடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த பீப்பாயவே எடுத்து கண்காட்சியில வச்சாரு. அவர் சிங்களவர், ஆனா 83 ஜூலையில தமிழ் ஆளுங்களுக்கு எதிரா நடந்த கலவரத்த நெனச்சு ஒவ்வொரு வருசமும் ஜூலையில கண்காட்சி வைக்கிறவரு. எங்க சித்தப்பா கொழும்புல கடையில நின்ன காலம் அது. அவர்கிட்ட கொழும்ப பத்தி கேட்டா கடலையும் சொல்ல மாட்டாரு கட்டடத்தையும் சொல்ல மாட்டாரு. ஐடென்டி கார்ட் இருந்துச்சா, பொலிஸ் ரிப்போட் இருந்துச்சா, எந்த பீப்பாய்கிட்ட எறங்க சொன்னான், இதான் அவருக்கு கொழும்பு. தோட்டத்து விலாசத்த பாத்துட்டு ஏன் இங்க வந்தன்னு கேப்பாங்களாம். அந்த பீப்பாய் படத்த நான் போன்ல காட்டுனப்போ ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம் ‘இத எதுக்குடா உள்ளுக்கு கொண்டாந்து வச்சானுங்க’ன்னாரு. கலை விமர்சனம்னா எனக்கு அதுதான் போதும்.

அதனால நகரத்த வரையிறதுன்னா கட்டடத்த வரையணும்னு இல்ல. எங்க நிப்பாட்டுறான், எங்க உள்ள விடுறான், அதையும் வரையலாம்.

கொழுந்து_மடுவம்

வெள்ளவத்தை தம்பி, உங்க சித்தப்பா சொன்னது நெஞ்ச தொட்டுச்சு.

நான் முன்னாடி எழுதுனத ஒன்னும் வாபஸ் வாங்கல. ஆனா ஒரு விஷயம் யோசிச்சேன். நான் முப்பது வருசம் தமிழ் படிப்பிச்சவன். நம்ம இலக்கியத்துல நகரத்த பாடுறதுக்கு வெக்கமே பட்டதில்ல. மதுரைக்காஞ்சிய எடுங்க, மாங்குடி மருதனார் பாடுனது, 782 அடி, பத்துப்பாட்டுல அதுதான் பெருசு. பகல்ல நாளங்காடி, ராத்திரி அல்லங்காடி. பூ விக்கிறவங்க, அப்பம் விக்கிறவங்க, சங்கு அறுக்குறவங்க, துணி விக்கிறவங்க, ராத்திரி சாமத்துல திருடனும் அவன புடிக்க சுத்துற காவல்காரனும், கடைசியா விடியக்காலம். ஒரு ஊர ஒரு நாள் பூரா கூடவே நடந்து பாக்குற மாதிரி. ராசாவுக்கு நிலையாமைய சொல்ல வந்த பாட்டு, ஆனா கடைத்தெருவ பாடாம சொல்ல முடியல அவரால. அதத்தான் நான் இத்தன வருசம் வகுப்புல சொல்லிட்டு, படம்னு வந்தா மலைய மட்டும் போடுன்னு நிக்குறேன், பேத்தி கேட்டா சிரிப்பா.

ஆனா தம்பி, அந்த பாட்டுல ஊரு யாருக்கு சொந்தம்னு கேள்வியே இல்ல. நம்ம டவுன்ல அந்த கேள்வி இருக்கு. அத மறைச்சிட்டு சும்மா கலகலப்பா கூட்டத்த போட்டா அதுவும் கலண்டர்தான்.

சித்திர_டீச்சர்

ஐயா சொன்ன கடைசி வரி முக்கியம். எங்கிட்ட வர்ற பிள்ளைங்ககிட்ட நான் சொல்றது, கூட்டத்த ஒரு கூட்டமா போடாத. யாரு காசு குடுக்குறா, யாரு வாங்குறா, யாரு படியில நிக்குறா, யாரு உள்ள உக்காந்திருக்கா. நகைக்கடையில கண்ணாடிக்கு எந்த பக்கம் யாரு நிக்குறான்னு போட்டாலே ஐயா கேட்ட கேள்வி வந்துரும்.

நம்ம பிள்ளைங்க பெரிய அளவுல செய்யிறாங்கங்குறதையும் சொல்லணும். ஹட்டன்ல பொறந்த ஹனுஷா சோமசுந்தரம் பாவிச்ச டீ பேக் மேலயே படம் போட்டு கண்காட்சி வச்சிருக்காங்க. டீய கையில எடுத்தா கலண்டர் அம்மாதான் வரணும்னு இல்ல, அதுக்கு அவங்க சாட்சி.

மவுசாக்கலை

வணக்கம், நான் புதுசு. ஒரு டவுன வரையாம விட்டா என்னாகும்னு எங்க ஊருல வந்து பாருங்க. பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்கு அடியில இருக்கு. 1969ல மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தப்போ முழுகுனது. வறட்சி வந்து தண்ணி வத்துனா பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் வெளிய தெரியும், அப்ப சனம் வேன் புடிச்சு வந்து போட்டோ எடுக்கும், தேங்கா ஒடைக்கும். இடிஞ்ச கோயில நூறு பேரு போட்டோ எடுத்திருக்கான். ஆனா அந்த டவுன் உசுரோட இருந்தப்போ கடைத்தெரு எப்படி இருந்துச்சு, எந்த கடைக்கு பக்கத்துல எந்த கடை, பஸ் எங்க திரும்புச்சு? எங்க தாத்தா சொல்லுவாரு, அடுத்த வீட்டு தாத்தா வேற மாதிரி சொல்லுவாரு, ரெண்டு பேருக்கும் சண்ட வரும். முடிவு சொல்ல ஒரு படம் எங்க வீட்டுல இல்ல. தெல்தெனிய பழைய டவுனும் விக்டோரியா நீர்த்தேக்கத்துல போனதுதான், அங்கயும் இதே சண்ட இருக்கும்னு நெனக்கிறேன்.

இப்ப இருக்குற மஸ்கெலியா டவுனையும் யாரும் வரையல. இதுவும் போயிருச்சுன்னா? அதனால அழகு அரசியல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல எந்த கடை எங்க இருந்துச்சுன்னாவது தெரியிற மாதிரி ஒருத்தர் வரைஞ்சு வைங்கப்பா.

பதுளைக்காரன்

இப்ப சீரியஸா ஒன்னு. 2019 கடைசியில ஜனாதிபதி எலக்ஷன் முடிஞ்ச கையோட நாடு பூரா பொடியனுங்க சுவரு சுவரா படம் வரைஞ்சானுங்க ஞாபகம் இருக்கா, நானும் போயி பெயின்ட் அடிச்சேன், சோறு பார்சல் குடுத்தாங்க. எங்க சுவத்துக்கு என்னா வரைஞ்சோம் தெரியுமா? நீர்வீழ்ச்சி, சிறுத்தை, ராசா, அப்புறம் கூடையோட நம்ம அம்மா. டவுன் சுவத்துல டவுன் மட்டும் இல்ல. சுவத்துக்கு முன்னாடி கச்சான் விக்கிற அம்மாவ தள்ளி நிக்க சொல்லித்தான் பெயின்டே அடிச்சோம், படத்துக்கு மறைக்குதுன்னு. அப்ப ஒன்னும் தோணல, இந்த இழைய வாசிச்சதும் அதுதான் உறுத்துது.

ஆனா மவுசாக்கலை சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கடை எங்க இருந்துச்சுன்னு தெரியணும்னா மெப் போதும், போன்ல கூகுள்ல பாத்தா ரோட்டயே சுத்தி காட்டுது. படம் எதுக்கு?

மவுசாக்கலை

கூகுள் வண்டி வந்த அன்னைக்கு கடை பூட்டியிருந்தா பூட்டுன கடைதான் இருக்கும் அண்ணே. தீவாளிக்கு முந்தின நாள் டவுன கூகுள்ல காட்டுங்க பாப்போம்.

கண்டி_லேக்_ரவுண்ட்

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள உக்கார வைக்கிறேன். எல் கிரேக்கோ, 1600 வாக்குல ஸ்பெயின்ல டொலிடோ நகரத்த வரைஞ்சாரு. மலை மேல ஊரு, மேல கருத்த மேகம், நம்ம ஜூன் மாசம் மாதிரி. அதுல பெரிய கோயில அது இருந்த எடத்துலேர்ந்து தூக்கி கோட்டைக்கு மறுபக்கம் வச்சுட்டாரு. அவர் நின்ன பக்கத்துலேர்ந்து பாத்தா அது தெரிஞ்சிருக்காது, ஆனா அது இல்லாம அவருக்கு அந்த ஊரு ஊரா படல. மெப்புன்னு பாத்தா தப்பு. ஆனா டொலிடோன்னா இன்னைக்கும் சனம் நெனைக்கிறது அந்தப் படத்தத்தான்.

மருமகப்புள்ளைக்கும் இது உதவும். பஸ் ஸ்டாண்ட்ல நின்னா மாணிக்கப் பிள்ளையார் கோயில் தெரியலன்னா, தெரியிற மாதிரி வைக்கட்டும். வேணும்னு வச்சான்னு தெரிஞ்சா போதும்.

மவுசாக்கலை

கோயில தூக்கலாம், கடைய தூக்காதீங்க. எங்க தாத்தாமாரு சண்ட இன்னும் முடியல.

வெள்ளவத்தை_வாடகை_ரூம்

சிவனொளிபாதமலை சீசன்ல ஹட்டன் ஸ்டேஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னு பாருங்க யாராச்சும், டிசம்பர்லேர்ந்து மே வரைக்கும். நாடு பூரா சனம் எறங்கும், அந்த கூட்டத்துக்குள்ள நாங்க மட்டும் ஏறுவோம், கொழும்புக்கு. மதுரைக்காஞ்சியில ராத்திரி கடை இருக்குன்னு ஐயா சொன்னதும் எனக்கு அந்த பிளேன்டீ கடைதான் வந்துச்சு. யாராச்சும் வரைஞ்சா நான் வாங்குறேன், சத்தியமா, பிரேமுக்கும் சேத்து காசு தர்றேன்.

டிக்கோயா_மாமா

எல்லாருக்கும் பெரிய நன்றி. இப்ப நெலவரம் என்னன்னா, அவ ரெண்டு படம் போடுறேங்குறா. ஸ்கூலுக்கு கொழுந்து அம்மாவ போட்டு குடுக்கப் போறா, மார்க் வேணும்ல. ஆனா அந்த அம்மா மலையில இல்ல, கூடைய எறக்கிட்டு ஸ்வெட்டர போட்டுக்கிட்டு டவுனுக்கு பஸ் ஏறுற மாதிரி. பின்னால மலை இருக்கு, கேட்டது எல்லாம் இருக்கு, யாரும் குறை சொல்ல முடியாது 😄 அவளாவே யோசிச்சது, நான் ஒன்னும் சொல்லல.

இன்னொன்னு பெருசு, வீட்டுக்கு. டீச்சர் சொன்ன மாதிரி மேல் ரோட்டுலேர்ந்து கீழ பாத்து, கூரை கூரையா. லவ்ரியோட அஞ்சு கலர். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் அடகு கடை வாசல் ஒன்னு இருக்கு, அதுல படி நாலு, ரெண்டாவது படியில எங்கம்மாவ நிக்க வைக்கப் போறாளாம். எங்கம்மா இப்ப இல்ல, அவளுக்கு போட்டோ பாத்துதான் தெரியும். கொழுந்து_மடுவம் ஐயா, உங்க அம்மாவுக்கும் ஒரு எடம் இருக்கு, போட்டோ இருந்தா அனுப்புங்க.

கொழுந்து_மடுவம்

அனுப்புறேன் தம்பி. ஐடென்டி கார்டுக்கு எடுத்தது ஒன்னுதான் இருக்கு. அதுல சிரிக்கல, பரவாயில்லையா கேளுங்க.

டிக்கோயா_மாமா

சிரிக்கலன்னாதான் நல்லதாம் ஐயா. டீச்சர், அடகு கடை படிக்கு கண்மட்டம் எங்க வரும்னு கேக்குறா, மேல நின்னு பாக்குறதால கொழம்புதாம்.

சித்திர_டீச்சர்

மேல நிக்குறதால கண்மட்டம் கூரைங்களுக்கும் மேல போயிரும். படத்துல அந்த கோடே வராது, தாளுக்கு வெளிய மேல ஒரு கோடு போட்டுக்கிட்டு படியோட மட்டக்கோடு எல்லாத்தையும் அங்க சேக்க சொல்லுங்க. தாளுக்கு மேல இன்னொரு தாள ஒட்டிக்கிட்டா லேசா இருக்கும். ஞாயித்துக்கிழம நான் ஹட்டன் வருவேன், ஸ்கெட்ச்ச கொண்டாந்தா பாத்து தர்றேன், வயர விட்டுற வேணாம்னு சொல்லுங்க.